அட்லி ஏன் ‘மேஜர் அட்லி’ ஆனார்?

கேள்வி இதுதான்: 1920கள், 30களின் செய்தித்தாள்களில் ‘மேஜர் அட்லி’ என்று ஒரு பெயர் வருகிறதே, 1947இல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளெமென்ட் அட்லிதானா அவர்? உண்மையிலேயே போருக்குப் போனவரா? போனார் என்றால் அது அவருடைய அரசியலில், குறிப்பாக இந்தியா விஷயத்தில், எங்காவது தெரிகிறதா?

அவரேதான். போருக்கும் போனார், தலைமையகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிற வேலைக்கு இல்லை, முன்வரிசைக்கே போனார். கலிப்பொலியில் வயிற்றுப்போக்கில் சாகக் கிடந்தார், மெசபடோமியாவில் குண்டடி பட்டார், கடைசியில் பிரான்சுக்கும் போனார். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் நீளும். ‘போர் அவரை சோஷலிஸ்ட் ஆக்கிவிட்டது’ என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அது தவறு. ‘கலிப்பொலியிலிருந்து பின்வாங்கிய மாதிரியே இந்தியாவிலிருந்தும் பின்வாங்கினார்’ என்று இன்னொரு வரி சுற்றுகிறது. அது பாதிதான் சரி, தவறாக இருக்கிற மறுபாதிதான் நமக்கு முக்கியமானது.

முதலில் போருக்கு முந்தைய கதை. அட்லி 1883 ஜனவரி 3 அன்று லண்டன் பட்னியில் பிறந்தார். அப்பா வசதியான சொலிசிட்டர், வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஏழாவது. படித்த பள்ளி ஹெய்லிபரி. அந்தக் கட்டடத்தில்தான் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பவேண்டிய அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. அப்புறம் ஆக்ஸ்போர்டில் வரலாறு, பிறகு பாரிஸ்டர் பட்டம். அந்த வயதில் அவர் மனம் முழுக்க கன்சர்வேட்டிவ் பக்கம்தான், வீட்டில் ஊறிய அரசியல் அதுதான்.

1905 அக்டோபரில் லண்டனின் கிழக்கு முனையில் ஸ்டெப்னிக்குப் போகிறார். ஏழைச் சிறுவர்களுக்காக ஹெய்லிபரி பள்ளிக்காரர்கள் அங்கே ஒரு மன்றம் நடத்திவந்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கப் போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார், 1907இல் மன்றத்தின் மேலாளராகி அங்கேயே குடியேறிவிட்டார். துறைமுகக் கூலிகளின் பிள்ளைகள், அன்றாடம் வேலை கிடைத்தால்தான் அடுப்பெரியும் குடும்பங்கள். அவரே பின்னாளில் எழுதிய ஒரு சம்பவம் உண்டு. தெருவில் ஒரு சிறுமி அவரோடு நடந்துவருகிறாள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறாள், வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்கிறார் இவர். அதற்கு அவள், ‘நான் வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்’ என்றாளாம். 1908இல், தொழிற்கட்சியோடு (லேபர் கட்சி) இணைந்திருந்த சுதந்திரத் தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். முதல் குண்டு வெடிக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது, அதற்குள்ளேயே அவர் சோஷலிஸ்ட்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. அந்தச் சிறுவர் மன்றம் ஒரு கேடட் படைப்பிரிவோடு இணைந்தது. பையன்களுக்கு அணிவகுப்பு, சீருடை, முகாம் எல்லாம் உண்டு, நடத்துகிறவரும் அதிகாரியாக இருந்தாக வேண்டும். ஆகவே 1906லேயே அட்லி தொண்டர் படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிட்டார். சோஷலிசமும் சீருடையும் அவருக்கு ஸ்டெப்னியின் ஒரே வாசல் வழியாக வந்தவை. சீருடை என்பது அவருக்கு முதலில் அரசாங்கத்தின் அதிகாரமாகத் தெரியவில்லை, இருபது ஏழைப் பையன்களுக்குப் பொறுப்பேற்பதாகத்தான் தெரிந்தது. நான் பார்த்தவரை அவருடைய பிற்கால நடத்தையில் பாதியை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

1914 ஆகஸ்டில் போர். அவருக்கு 31 வயது, முதலில் வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். விடாமல் முயன்று செப்டம்பரில் சவுத் லங்காஷயர் ரெஜிமென்ட்டின் 6ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். இடதுசாரிகளில் பாதிப்பேர் இந்தப் போர் முதலாளிகளின் போர் என்று ஒதுங்கியிருந்த நேரம் அது. அவருடைய சொந்த அண்ணன் டாம், ஆழ்ந்த கிறிஸ்தவர், மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்துச் சிறைக்கே போனார். தம்பி பதுங்குகுழியில், அண்ணன் சிறையில். ஆனாலும் இருவருக்கும் இடையில் பகை வரவில்லை, வாழ்நாள் முழுக்க ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அட்லியின் மனத்தில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கிற நல்ல வழிகளில் ஒன்று அந்தக் கடிதங்கள்தான், ஏனென்றால் வேறு யாரிடமும் அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியவரில்லை.

1915 ஜூலையில் கலிப்பொலி. துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றி இஸ்தான்புல் வரை போய்விடலாம் என்பது திட்டம், அதன் பின்னால் பெரிய உந்துதல், திட்டம் உருவானபோது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். நடந்தது என்னவென்றால் வெயில், ஈ, தண்ணீர்ப் பஞ்சம், வயிற்றுப்போக்கு. அட்லியும் சுருண்டு விழுந்தார். அவரை ஏற்றிய கப்பல் இங்கிலாந்துக்குப் போகிறது என்று தெரிந்ததும் மால்டாவிலேயே இறக்கிவிடச் சொல்லி அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சீக்கிரம் திரும்பி வருவதற்காகத்தான். அவர் அங்கே படுத்திருந்த ஆகஸ்டில் சாரி பேர் மலைமுகட்டுக்காகப் பெரிய சண்டை நடந்தது. அவருடைய பட்டாலியனின் ஆட்கள் 6ஆம் கூர்க்கா ரைபிள்ஸின் ஒரு பட்டாலியனோடு சேர்ந்து உச்சிவரை ஏறிவிட்டார்கள். ஏறிய கொஞ்ச நேரத்தில் குண்டுகள் வந்து விழுந்தன, சொந்தப் பக்கத்துப் பீரங்கிகளின் குண்டுகள் என்றே பெரும்பாலானோர் சொல்கிறார்கள். முகடு கைவிட்டுப் போனது, பட்டாலியனில் ஏராளமானோர் செத்தார்கள். வயிற்றுப்போக்கு வந்திராவிட்டால் அட்லியும் அங்கேதான் இருந்திருப்பார்.

நவம்பரில் திரும்பி வந்தபோது அதே கலிப்பொலியின் சுவ்லா விரிகுடா. அந்த மாதக் கடைசியில் அடைமழை, மழைக்குப் பின்னாலேயே பனிப்புயல். பதுங்குகுழிகளில் வெள்ளம், வெள்ளத்தில் நனைந்த ஆட்கள் மேல் உறைபனி. துருக்கியரின் தோட்டா இல்லாமலேயே பலர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால்கள் உறைந்துபோயின. அதற்குப் பிறகுதான் வெளியேறுவது என்று முடிவானது.

இந்த வெளியேற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கலிப்பொலிப் போரில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான் என்று ராணுவ வரலாறு எழுதுகிறவர்களே சொல்வதுண்டு. எதிரி சில நூறு கெஜ தூரத்தில் இருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் சுவ்லாவிலிருந்தும் பக்கத்து அன்சாக் முனையிலிருந்தும் 80,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல் வழியாக எடுக்க வேண்டும். தெரிந்துவிட்டால் கரையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் காலி. இரவோடு இரவாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைக் குறைத்தார்கள், பகலில் எல்லாம் வழக்கம்போல இருக்கிற மாதிரி காட்டினார்கள், அடுப்புகள் புகைந்துகொண்டே இருந்தன. 1915 டிசம்பர் 19 இரவு கடைசிக் கட்டம். லாலா பாபா குன்றைச் சுற்றிக் கடைசிக் காவல் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பின்காவல் அணியின் பொறுப்பு கேப்டன் அட்லிக்கு. முன்வரிசையிலிருந்து வருகிற ஒவ்வொரு கூட்டமும் அவர்களைத் தாண்டித்தான் படகுக்குப் போக வேண்டும், எல்லோரும் போன பிறகுதான் இவர்கள் நகரலாம். சுவ்லாவிலிருந்து கடைசியாக வெளியேறியவர் டிவிஷன் தளபதி ஜெனரல் மாட், அவருக்கு முன்னால், அதாவது கடைசிக்கு முந்தைய ஆளாகப் படகேறியவர் அட்லி. உயிர்ச்சேதம் ஏறக்குறைய எதுவும் இல்லை.

இத்தனையையும் பார்த்த பிறகு சர்ச்சிலை அவர் வெறுத்திருப்பார் என்று தோன்றும். வெறுக்கவில்லை. திட்டம் துணிச்சலானது, சரியானது, நிறைவேற்றியவர்கள்தான் கெடுத்தார்கள் என்பதே கடைசிவரை அவருடைய கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை, அந்த நிலப்பரப்பைப் பார்த்தாலே அது எவ்வளவு அசட்டுத் துணிச்சல் என்று தெரியும். ஆனால் 25 வருடம் கழித்து அந்தக் கருத்துக்கு ஒரு பெரிய விலைமதிப்பு வந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து மெசபடோமியா, இன்றைய ஈராக். குட் நகரத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை துருக்கியரின் முற்றுகையில் பட்டினி கிடந்தது. அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அவர்களை மீட்கப் போன படையில் அட்லியின் பட்டாலியனும் இருந்தது. 1916 ஏப்ரல் 5, ஹன்னா என்ற இடத்தில் தாக்குதல். தங்கள் ஆட்கள் எதுவரை முன்னேறியிருக்கிறார்கள் என்று பின்னால் இருக்கிற பீரங்கிக்காரர்களுக்குத் தெரிவதற்காகச் சிவப்புக் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அன்று கொடி அட்லி கையில். துருக்கியரின் பதுங்குகுழியை எட்டும்போது குண்டு வெடித்துத் தொடையில் சிதறல் பாய்ந்தது, அதுவும் சொந்தப் பக்கத்துக் குண்டுதான். மீட்புப் படை குட் நகரத்தை எட்டவேயில்லை. ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள், அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பிடிப்பில் நடந்தே செத்தார்கள். காயத்தோடு அட்லியை முதலில் அனுப்பியது இந்தியாவுக்கு, அங்கிருந்து இங்கிலாந்துக்கு. சைமன் கமிஷனில்தான் அவருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் கூர்க்காக்களையும் குட் முற்றுகையையும் மறந்துவிடுகிறார்கள்.

காயம் ஆறியதும் புதிதாக வந்திருந்த டாங்கிப் படைக்கு மாற்றினார்கள், 1917 மார்ச்சில் தற்காலிக மேஜர் பதவி. 1918 கோடையில் பிரான்ஸ் போர்முனை, அதோடு முடிந்தது. அந்தத் ‘தற்காலிக’ மேஜர் பட்டம்தான் அடுத்த இருபது வருடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. காரணம் எளியது. 1919இல் ஸ்டெப்னி மேயர், 1922இல் லைம்ஹவுஸ் தொகுதி எம்.பி. என்று அவர் மேலே வந்த காலத்தில் தொழிற்கட்சிக்காரர்கள் தேசத்துரோகிகள், போரில் பதுங்கியவர்கள் என்று எதிர்க்கட்சியினர் திட்டுவது வழக்கமாக இருந்தது. கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டே போரை எதிர்த்தவர். அந்தச் சூழலில் பெயருக்கு முன்னால் இருந்த ‘மேஜர்’ ஒரு வார்த்தையும் பேசாமல் பதில் சொன்னது. 1924இல் முதல் தொழிற்கட்சி அரசாங்கம் வந்தபோது அவருக்குப் போர்த்துறையில் துணை அமைச்சர் பதவி கிடைத்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வதேசப் படையணியின் பிரிட்டிஷ் பட்டாலியனில் ஒரு கம்பெனிக்கு ‘மேஜர் அட்லி கம்பெனி’ என்றே பெயர் வைத்தார்கள், 1937 டிசம்பரில் அவர் அங்கே போய் அவர்களைப் பார்த்தும் வந்தார்.

இந்தியா விஷயத்துக்கு வருவோம். 1927இல் அமைத்த சைமன் கமிஷனில் ஏழு பேர், ஏழு பேரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஒரு இந்தியர்கூட இல்லை. அந்த ஏழில் ஒருவர் மேஜர் அட்லி. நம்மூர்ப் பள்ளிப் புத்தகத்தில் ‘சைமனே திரும்பிப் போ’ என்று படிக்கிறோமே, அந்தக் கறுப்புக் கொடிகள் அவருக்கும் சேர்த்துத்தான். கமிஷன் பம்பாயில் இறங்கிய 1928 பிப்ரவரி 3 அன்று சென்னையில் உயர் நீதிமன்றம் பக்கம் போலீஸ் துப்பாக்கிச் சூடு, அங்கேதான் டி. பிரகாசம் போலீஸின் துப்பாக்கிக்கு முன்னால் மார்பைத் திறந்து காட்டினார். அதே ஆண்டு லாகூரில் லாலா லஜபதி ராய் தடியடி பட்டு, பதினெட்டு நாளில் இறந்தார். இந்தக் கமிஷனில் உட்கார்ந்ததற்காக அட்லியை மன்னிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் இரண்டு முறை நீண்ட சுற்றுப்பயணம் செய்து, மூட்டை மூட்டையாகச் சாட்சியம் படித்ததில், லண்டன் அரசியல்வாதிகளில் இந்தியாவைப் பற்றி உண்மையிலேயே விவரம் தெரிந்த சிலரில் ஒருவராக அவர் மாறினார். 1935 இந்திய அரசுச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது சர்ச்சில் அது இந்தியர்களுக்கு அதிகம் கொடுக்கிறது என்று கத்தினார், அட்லியோ டொமினியன் அந்தஸ்து (கனடா, ஆஸ்திரேலியா போன்ற தன்னாட்சி) என்ற வார்த்தையே இல்லையே என்று கேட்டார்.

அவர் தலைவரானதே ஒரு விபத்து மாதிரிதான். 1931 தேர்தலில் தொழிற்கட்சி கிட்டத்தட்ட துடைத்தெறியப்பட்டது, பெரிய தலைகள் எல்லாம் தோற்றார்கள், அட்லி 551 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார். 1935இல் லான்ஸ்பரி விலகியதும் தலைமை இவரிடம் வந்தது, இடைக்கால ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த இடைக்காலம் இருபது வருடம் நீண்டது.

அந்தக் காலத்தில் அவர் செய்த பெரிய தவறு ஒன்றை மறைக்கக் கூடாது. ஹிட்லர் ஆயுதம் குவித்துக்கொண்டிருந்த வருடங்களில் அட்லியின் கட்சி ராணுவச் செலவுக்கு எதிராகவே வாக்களித்துவந்தது, 1937இல்தான் நிறுத்தினார்கள். 1939 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேவையையும் எதிர்த்தார்கள். இவ்வளவு போரைப் பார்த்த மனிதர் எப்படி இதற்குத் தலைமை தாங்கினார் என்று கேட்கத் தோன்றும். இவ்வளவு பார்த்ததால்தான் என்று நினைக்கிறேன். சாரி பேரில் செத்தவர்களை நினைத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறையே அப்படித்தான் இருந்தது. காரணம் புரிகிறது என்பதால் தவறு சரியாகிவிடாது.

1940 மே. பிரதமர் சேம்பர்லைனின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று தொழிற்கட்சி சொன்னதும் அவர் விழுந்தார், சர்ச்சில் வந்தார். ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவையில் அட்லிக்கும் அவருடைய கட்சிக்காரர் கிரீன்வுட்டுக்கும் இரண்டு இடம். பிரிட்டிஷ் படை பிரான்சின் டன்கிர்க் கரையிலிருந்து தப்பி வந்த நேரத்தில், இத்தாலி மூலம் சமாதானம் பேசிப் பார்க்கலாமா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் வற்புறுத்தியபோது சர்ச்சில் பக்கம் உறுதியாக நின்றவர்கள் இந்த இரண்டு பேர். கலிப்பொலியைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்தின் மதிப்பு இங்கேதான். சர்ச்சிலின் போர்த் தீர்ப்பை நம்பக் கூடாது என்று பாதி நாடு நினைத்தபோது, அந்தத் தீர்ப்பின் விளைவைப் பதுங்குகுழியில் அனுபவித்தவரே ‘இந்த ஆளை நம்பலாம்’ என்றார். அமைச்சரவையில் முதல் நாளிலிருந்து கூட்டணி முடியும்வரை இருந்தவர்கள் இரண்டே பேர்தான், சர்ச்சிலும் அட்லியும். 1942 முதல் அட்லிக்குத் துணைப் பிரதமர் என்ற பட்டம்.

சர்ச்சில் வெளிநாடு போகும்போதெல்லாம் கூட்டத்தை நடத்தியது அட்லி, இவர் தலைமையில் கூட்டம் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்பார்கள். 1945 ஜனவரியில் சர்ச்சிலுக்கே ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். நீங்கள் கோப்புகளைப் படிக்காமல் கூட்டத்துக்கு வருகிறீர்கள், நிபுணர் குழு அலசி முடித்த விஷயத்தைத் தெரியாமலே பேசி நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று. உதவியாளர்கள் கண்ணில் பட்டு அவருக்கு அவமானம் ஆகிவிடக் கூடாது என்று தானே தட்டச்சு செய்தார். சர்ச்சில் கொதித்துப்போனார், அவருடைய மனைவி கிளெமென்டைன் அட்லி சொன்னது சரி என்றார். மேலதிகாரியிடம் நேரில் சொல்வது, கீழே இருப்பவர்கள் முன்னால் சொல்லாமல் இருப்பது. ஒரு நல்ல ரெஜிமென்ட்டில் கற்றுக்கொள்கிற பழக்கம் இது.

இதே அமைச்சரவை நமக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். 1942 ஆகஸ்டில் காந்தியையும் காங்கிரஸ் தலைவர்களையும் கைது செய்யும் முடிவு எடுக்கப்பட்டபோது சர்ச்சில் வெளிநாட்டில் இருந்தார், அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் அட்லி. 1943இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் பட்டினியில் மடிந்தபோது கப்பல்களை ஒதுக்க மறுத்தும் தாமதித்தும் வந்த அமைச்சரவையில் அவரும் உட்கார்ந்திருந்தார். பழி முழுவதையும் சர்ச்சில் தலையில் போட்டுவிட்டு அட்லியை நல்லவராக்குவது நேர்மையில்லை.

1945 தேர்தல். வாக்குப்பதிவு ஜூலை 5, முடிவு ஜூலை 26, இடையில் மூன்று வாரம் காத்திருந்ததே உலகம் முழுக்கச் சிதறிக்கிடந்த படைவீரர்களின் வாக்குச்சீட்டு வந்து சேரத்தான். தொழிற்கட்சிக்கு 393 இடம். சிப்பாய்களின் வாக்கு பெருமளவு அவர்கள் பக்கம் விழுந்தது. அந்த அரசாங்கம் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான்: நிலக்கரி, ரயில், பாங்க் ஆஃப் இங்கிலாந்து எல்லாம் நாட்டுடைமை, தேசியக் காப்பீடு, 1948 ஜூலை 5 முதல் எல்லோருக்கும் இலவச மருத்துவம். போரில் கடனாளியாகி, ரொட்டிக்கே ரேஷன் போட்ட நாடு இதைச் செய்தது. ஸ்டெப்னியில் அந்தச் சிறுமி சொன்ன பதிலுக்கு நாற்பது வருடம் கழித்துக் கொடுத்த பதில் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

அவர் அமைச்சரவையை நடத்திய விதம் ஒரு கம்பெனி கமாண்டர் நடத்துகிற விதம். பெவினிடம் வெளியுறவு, பெவனிடம் சுகாதாரம், கொடுத்தாயிற்று என்றால் தலையிட மாட்டார், முடியாதவரை ஓரிரு வாக்கியத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கட்சியின் தேசிய நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஹெரால்ட் லாஸ்கி அரசாங்கத்தின் பெயரில் பேசிக்கொண்டே இருந்தபோது, உங்கள் தரப்பில் சிறிது காலம் மௌனம் நிலவினால் நல்லது என்று எழுதி அனுப்பினார். இன்னொன்று, அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஹெர்பர்ட் மாரிசன் முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். மேஜருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வீட்டிலேயே டாம் இருந்தாரே.

இப்போது 1947. சுவ்லாவோடு ஒப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். சுவ்லா மாதிரியான ஒரு திட்டம் உண்மையிலேயே மேசைக்கு வந்தது, அதைக் கொண்டுவந்தவர் வைஸ்ராயாக இருந்த ஃபீல்ட் மார்ஷல் வேவல். முதலில் சென்னை, பம்பாய், மத்திய மாகாணம், ஒரிசாவிலிருந்து விலகி, படிப்படியாக வடக்கே போய், கடைசியில் முழுவதுமாக வெளியேறுவது. பட்டாலியன் பட்டாலியனாக ஆட்களை எடுக்கிற அதே தர்க்கம். அதை மறுத்தவர் அட்லி. இது ராணுவ நடவடிக்கை இல்லை, அரசியல், அதிகாரத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் வாதம். வேவலை நீக்கிவிட்டு மவுன்ட்பேட்டனை அனுப்பினார். 1947 பிப்ரவரி 20 அன்று, 1948 ஜூனுக்குள் போய்விடுவோம் என்று நாடாளுமன்றத்தில் தேதி சொன்னார். இது வெட்கக்கேடான ஓட்டம் என்றார் சர்ச்சில். தேதி வைத்தால்தான் இங்கே இருப்பவர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று அட்லி நம்பினார்.

ஒரு நிலையைப் பிடித்துவைக்க முடியாது என்று தெரிந்த பிறகும் கௌரவத்துக்காக ஆட்களைச் சாகவிடக் கூடாது என்பதைச் சுவ்லாவில் அவர் கற்றிருந்தார். 1946 பிப்ரவரியில் இந்தியக் கடற்படை வீரர்கள் செய்த கலகத்துக்குப் பிறகு இந்தியாவைப் படைபலத்தால் பிடித்துவைக்க முடியாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதுவரை ஒப்பீடு சரி. ஆனால் சுவ்லாவில் கரையில் இருந்த எல்லோரும் படகேறினார்கள், பின்னால் விட்டுவந்தது கூடாரங்களையும் ஜாம் டப்பாக்களையும். பஞ்சாபிலும் வங்காளத்திலும் பின்னால் இருந்தது மக்கள். மவுன்ட்பேட்டன் தேதியை ஆகஸ்ட் 15க்கு இழுத்தார், அட்லி ஒப்புக்கொண்டார். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று ஆகஸ்ட் 17 வரை வெளியிடவில்லை. நாட்டில் இருந்த பிரிட்டிஷ் துருப்புகளைக் கலவரத்தை அடக்கும் வேலையில் இறக்கவில்லை. கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள், செத்தவர்களின் கணக்கு இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல்வரை சொல்லப்படுகிறது. பின்காவல் அணி இல்லாமல் நடந்த வெளியேற்றம் அது. 1915இல் கடைசி ஆள் படகேறும்வரை நின்றவருக்கு, அந்த ஒரு அணி எதற்கு என்று யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் அந்தக் கோபம்.

‘காந்தியின் பங்கு மிகக் குறைவு, நேதாஜியின் படையால்தான் வெளியேறினோம் என்று அட்லியே சொன்னார்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் கேட்பீர்கள். அது அட்லி எழுதியதோ பதிவாகப் பேசியதோ இல்லை. 1956இல் அவர் கல்கத்தா வந்தபோது தனிப்பட்ட உரையாடலில் சொன்னதாக, நீதிபதி பி.பி. சக்ரவர்த்தி இருபது வருடம் கழித்து ஒரு கடிதத்தில் எழுதியது. படைகளின் விசுவாசம் ஆடிப்போனது பெரிய காரணம் என்பது உண்மைதான், அதற்கு 1946ஆம் ஆண்டின் ஆவணங்களே போதும், இந்தக் கடிதம் தேவையில்லை.

1951 தேர்தலில் கன்சர்வேட்டிவ்களைவிட அதிக வாக்கு வாங்கியும் குறைந்த இடங்களால் அட்லி தோற்றார், 1955இல் தலைமையை விட்டார், பிரபு பட்டம் வந்தது. 1967 அக்டோபர் 8 அன்று இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சொத்து 7,295 பவுண்டு.

1956இல் அண்ணன் டாமுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தன்னைப் பற்றித் தானே ஐந்து வரிப் பாட்டு ஒன்று எழுதினார். ஓட்டப்பந்தயத்தில் இவன் நிற்பான் என்றுகூட யாரும் நினைக்கவில்லை, தங்களைக் கெட்டிக்காரர்களாக நினைத்தவர்கள் பலர் இருந்தார்கள், ஆனால் கடைசியில் பிரதமர், இரண்டு பெரிய விருது, பிரபு, கார்ட்டர் வீரர் என்று முடித்துவிட்டான் என்பது அதன் பொருள். பட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருக்கிறார். அதில் மேஜர் இல்லை. போருக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போன அண்ணனுக்கு எழுதிய கடிதம் அது.